நாலாம் நம்பர் வால்வு

மார்ச் 3, செவ்வாய். நங்கூரத்தில்.

கப்பலில் ஓய்வு நேரப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தேன் என்று நானே எழுதி நானே கையெழுத்துப் போட வேண்டும். பத்து மணிக்குக் குறையக் கூடாது. நேற்று நாலு மணி நேரம் படுத்தேன். பத்தரை என்று எழுதினேன். எட்டு மாதமாக இப்படி எழுதி எழுதிக் கை அதுவாகவே பத்தரை போடுகிறது. உள்ளதை உள்ளபடி எழுத ஒரு நோட்டு இருக்கட்டும் என்று ஸ்டோரிலிருந்து இதை எடுத்துவந்தேன்.

நோட்டு கடலில் விழுந்து யாராவது எடுத்தால் தெரிய வேண்டுமே: நான் கிளீட்டஸ் மோத்தா, ஊர் தூத்துக்குடி, வயது நாற்பத்தாறு. எம்.டி. சித்ராங்கி என்னும் எண்ணெய்க் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். ஆறு மாத ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் பத்து நாள் ஆகிறது. எனக்குப் பதில் வரவேண்டிய ஆள் 'அடுத்த துறைமுகத்தில்' வருகிறார். மூன்று துறைமுகமாக வந்துகொண்டே இருக்கிறார்.

மனைவி ரெஜினாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. இரண்டு முறை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாள், நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று. இப்போது 18-ம் தேதி குறித்திருக்கிறார்கள். இதற்கு மேல் தள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மார்ச் 4, புதன்

இரண்டாம் ஜெனரேட்டரில் இரண்டு இன்ஜெக்டர் மாற்றினோம். முதுகு என்னுடையதில்லை.

மார்ச் 6, வெள்ளி

காலையில் சீஃப் ஆபீசர் புஹாரி கீழே இறங்கி வந்தான். காயல்பட்டினத்துப் பையன், முப்பத்திநாலு வயது. சரக்கு ஏற்றுவது, இறக்குவது, கப்பலை நிமிர்ந்து நிற்கவைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. அவனுக்கு நோன்பு, எனக்குத் தவக்காலம். ரெண்டு பேரும் பட்டினி கிடப்பதில் போட்டி என்று சமையல்காரன் கிண்டல் செய்கிறான்.

"கிளீட்டஸண்ணே, நாலாம் நம்பர் வால்வு மூடுன்னு பட்டனை அமுக்குனா மூடுன லைட்டு எரிய மாட்டேங்கு. என்னன்னு பாருங்களேன்."

எண்ணெய் இல்லாமல் வெறுமனே போகும்போது கப்பல் மிதந்து ஆடாமலிருக்க அடித்தொட்டிகளில் பாலாஸ்ட் என்று கடல்நீரை நிரப்பிக்கொள்வோம். எண்ணெய் ஏற ஏற அந்த நீரை வெளியேற்றுவோம். மற்ற தொட்டிகள் எல்லாம் இடது ஒன்று, வலது ஒன்று என்று ஜோடியாக இருக்கும். நாலாம் தொட்டி மட்டும் அடியில் ஒரு விலாவிலிருந்து மறு விலாவரை குறுக்கே கிடக்கும் ஒரே தொட்டி. அது ஒன்று முழுக்க நிரம்பியிருக்க வேண்டும், இல்லை சுத்தமாகக் காலியாக இருக்க வேண்டும். அரைகுறையாக நீர் கிடந்தால் கப்பல் லேசாகச் சாய்ந்தாலும் மொத்தமும் அந்தப் பக்கமே ஓடும். சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஏந்திக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வால்வு இருப்பது தொட்டியின் அடியில். பழுது பார்க்க வேண்டுமென்றால் தொட்டியைக் காலி செய்து, காற்றேற்றி, விஷவாயு சோதித்து, வாயிலில் ஒருவனைக் காவல் நிறுத்தி உள்ளே இறங்க வேண்டும். குறைந்தது இரண்டு நாள். திங்கட்கிழமை ஜெட்டிக்குப் போகிறோம். பழுது என்று எழுதிக் கொடுத்தால் எங்கள் முறை அடுத்த கப்பலுக்குப் போய்விடும். நாங்கள் இங்கேயே மூன்று வாரம் கிடப்போம், ஆள் மாற்றமும் அதோடு தள்ளிப்போகும்.

சீஃப் இன்ஜினியர் சன்யாலிடம் சொன்னேன். ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கி உள்ள மனுஷன். "செகண்ட், எதையாவது செய்து முடி. எனக்குச் சொல்லாதே" என்றார்.

மார்ச் 7, சனி

நாலாம் நம்பர் வால்வு வேலை முடிந்தது. கோளாறு வால்வில் இல்லை. மேல்தளத்துப் பெட்டியில், வால்வு திறந்ததா மூடியதா என்று காட்டும் கருவியில்தான். அதைத் திருத்தினேன். விளக்கு எரிகிறது. இந்த வால்வை எண்ணெய் அழுத்தம்தான் தள்ளி மூடும்; அந்த எண்ணெய் கணக்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போனது. குழாயில் காற்று இருந்திருக்கும். வேறொன்றும் இருக்க வாய்ப்பில்லை.

புஹாரிக்குச் சொன்னேன். சந்தோஷப்பட்டான். பிறகு, "எதுக்கும் பக்கத்துத் தொட்டி வால்வைத் தொறந்து வச்சிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சி நாலுல தண்ணி ஏறுதான்னு கோல் விட்டுப் பாத்துருவமா?" என்று கேட்டான்.

"யாரை வச்சிப் பாப்ப? உன் ஆளுங்க ரெண்டு நாளாத் தூங்கல. எல்லாம் பாத்தாச்சி, போ."

"நீங்க பாத்தா சரிதான்ணே."

தூக்கம் வரவில்லை. இன்ஜின் சத்தம் பழகிப்போனால் நங்கூரத்தில் தூக்கம் வராது.

மார்ச் 9, திங்கள். ஜெட்டி.

மதியம் கட்டினோம். டீசல், பெட்ரோல் இரண்டையும் ஒரே நேரத்தில் தருவேன் என்கிறது கரை. புஹாரிக்கு அது பிடிக்கவில்லை. ஒன்று முடித்து ஒன்று ஏற்றினால் அரைகுறைத் தொட்டிகள் குறைவாக இருக்கும் என்றான். கேப்டன் தோமருக்கு அவசரம். "உன் கணக்கு இடம் கொடுக்கிறதா இல்லையா?" என்று கேட்டார். கப்பல் நிமிர்ந்து நிற்குமா என்று புஹாரி கம்ப்யூட்டரில் போட்டான், கையாலும் போட்டுப் பார்த்தான். "நாலாம் தொட்டி காலியா இருந்தா இடம் கொடுக்கு" என்றான்.

ரெஜினா போனில் கேட்டாள்: "வாறது நெசந்தான?" நெசந்தான் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்தே கால். நான் இன்ஜின் ரூமில் பம்ப் அருகே நின்றேன். பெஞ்சில் இருந்த ஸ்பானர் தானாக நகர்ந்தது. நகர்ந்து கீழே விழுந்தது. தரை சாய்ந்துகொண்டே போனது. கட்டிய கப்பல், அலையில்லாத நீர், சாய எந்தக் காரணமும் இல்லை. கம்பியைப் பிடித்து மேலே ஓடினேன்.

கட்டுப்பாட்டு அறையில் சாய்வுமானி இடது பக்கம் ஏழு டிகிரி காட்டியது. கரைக்கு எண்ணெயை நிறுத்தச் சொல்லி புஹாரி ஏற்கெனவே பட்டனை அடித்துவிட்டான். கேப்டன் கத்துகிறார்: "வலது பக்கத் தொட்டியில் தண்ணீரை விடு! உடனே!"

யாரும் அதைத்தான் செய்வார்கள். இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் பாரம் ஏற்றுவது. எனக்கும் அதுதான் தோன்றியது.

"கூடாது சார்" என்றான் புஹாரி. குரல் உயரவில்லை. "இது ஒரு பக்கம் பாரம் கூடிச் சாயவில்லை. ரெண்டு பக்கமும் பாரம் ஒன்றுதான். கப்பலுக்கு நிமிரும் சக்தி போய்விட்டது. வலது பக்கம் ஏற்றினால் நிமிரும்போது நிற்காமல் அந்தப் பக்கம் எகிறி விழும். சாய்ந்த பக்கத்தைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்."

"சாய்ந்த பக்கத்திலேயே தண்ணீரா? பைத்தியமா உனக்கு?"

அவன் இடது பக்க இரண்டாம் அடித்தொட்டியைத் திறந்தான். என்னைப் பார்த்து, "அண்ணே, பம்ப்பு" என்றான். நான் பம்ப்பை ஓடவிட்டேன். ஏழு எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. கரையிலிருந்து எண்ணெய் ஏற்றும் குழாய்க்கை தானாகக் கழன்றுகொண்டது. அதிலிருந்த டீசல் ஜெட்டியிலும் கடலிலும் கொட்டியது. கரைத் தொழிலாளி ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கேப்டன் ஏசிய ஏச்சை எழுத மாட்டேன். புஹாரி சாய்வுமானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்பதரையில் நின்றது. தொட்டி நிரம்பி முடிந்ததும் வலது பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினான். ஒரு மணி நேரத்தில் கப்பல் நிமிர்ந்தது.

இருபத்திரண்டு பேர் உயிரோடு இருக்கிறோம். கேப்டன் சொன்னபடி செய்திருந்தால் கவிழ்ந்திருப்போம்.

பிறகு எல்லாத் தொட்டியிலும் கோல் விட்டுப் பார்த்தார்கள். நாலாம் தொட்டியில் ஒன்றரை மீட்டர் தண்ணீர்.

மார்ச் 11, புதன்

விசாரணைக்குக் கம்பெனி ஆள் ஒருவர், துறைமுக ஆள் ஒருவர். முந்தாநாள் மாலை ஐந்தாம் தொட்டி நீரை வடிக்கும் முன்பு நாலாம் தொட்டியை முழுதாக வடித்து மூடினேன் என்கிறான் புஹாரி. அப்படியானால் ஒன்றரை மீட்டர் எங்கிருந்து வந்தது என்கிறார்கள். அரைகுறையாக வடித்துவிட்டு முடிந்தது என்று நினைத்திருக்கிறான் என்று முடிவு கட்டுகிறார்கள். கோல் விட்டுப் பார்க்காதது அவன் தப்பு என்பதை அவனே ஒப்புக்கொள்கிறான்.

கேப்டன் ஒரு படி மேலே போனார்: "காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிற ஆள். தலை சுற்றியிருக்கும்."

என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "நாலாம் நம்பர் வால்வு நல்ல நிலையில் இருந்ததா?"

"பேனலில் மூடியது என்ற விளக்கு எரிந்தது. 7-ம் தேதி சோதித்த தாள் ஃபைலில் இருக்கிறது" என்றேன். அவர்கள் கேட்டதற்குப் பதில் அதுதான். கேட்காததை நானாக எதற்குச் சொல்ல வேண்டும்?

புஹாரியை வேலையிலிருந்து நிறுத்தி கேபினில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவன் சான்றிதழை ரத்து செய்யப் பரிந்துரைப்பார்களாம்.

மார்ச் 12, வியாழன்

எனக்குப் பதில் ஆள் 16-ம் தேதி. 17 காலை எனக்கு விமானம். டிக்கெட் வந்துவிட்டது. சந்தோஷம்.

மார்ச் 13, வெள்ளி

மத்தியானம் புஹாரி கேபினுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன், நோன்பு என்பதையே மறந்து. அவன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மேசை, கட்டில், தரை எல்லாம் தாள். கணக்கை ஆரம்பத்திலிருந்து போடுகிறான். ஒவ்வொரு தொட்டியாக, கையால். பதினோராவது தடவையாம்.

"கணக்குச் சரியா வருதுண்ணே. அப்ப தப்பு கணக்குல இல்ல, எங்கிட்டதான். அன்னைக்கி நாலாம் தொட்டி வடிஞ்சி முடியும்போது பம்ப்பு காத்து இழுக்குற சத்தம் கேட்டுச்சி. கேட்டுத்தான் மூடுனேன். இப்ப என்னன்னா, அது கேட்டுச்சா, இல்ல கேக்கணும்னு நெனச்சதுனால கேட்ட மாதிரி இருந்துச்சா, தெரியல."

நான் சாய்வுமானியைப் பற்றி என்னவோ பேசினேன். சாய்ந்த பக்கத்தை நிரப்பினாயே, அந்தத் தைரியம் யாருக்கு வரும் என்றேன்.

"கவுத்ததும் நாந்தானே" என்றான்.

"கேப்டன் சொன்னதை மனசுல வச்சிக்காத."

"அவரு சொன்னது சரியாக்கூட இருக்கலாம். ஊருக்கு எழுதிட்டேன், இனிமே கடலுக்குப் போவலன்னு. வாப்பா சரின்னுட்டாங்க. பொறுப்பான வேலைக்கு நம்ம மண்டை லாயக்கில்ல."

தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாய்கூட இப்படி வாலைச் சுருட்டிக்கொண்டு வராது.

மார்ச் 14, சனி

உள்ளதை உள்ளபடி எழுதத்தான் இந்த நோட்டு என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். 7-ம் தேதிப் பக்கத்தைப் படித்தேன். பதிவேட்டில் எழுதுகிற கைதான் அங்கேயும் எழுதியிருக்கிறது.

நடந்தது இது. வால்வு முழுதாக மூட எவ்வளவு எண்ணெய் போக வேண்டுமோ அதில் முக்கால் பங்குதான் போனது. மூன்று தடவை மூடிப் பார்த்தேன், மூன்று தடவையும் முக்காலில் நின்றது. குழாயில் காற்று இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்காது. வால்வு பாதியில் எதிலோ முட்டி நிற்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன், தெரியாமல் இருக்குமா? முக்காலில் நிற்கும்போதே 'மூடியது' என்று காட்டும்படி கருவியைத் திருப்பி வைத்தேன். கோல் விட்டுப் பார்க்கிறேன் என்றவனையும் தடுத்தேன்.

இன்னொன்று. 9-ம் தேதி மாலை நாலாம் தொட்டியை வடிக்கும்போது பம்பின் ஆம்பியர் மீட்டர் என் கண்முன்னால் இருந்தது. பம்ப் காற்றை இழுத்ததும் முள் சரசரவென்று இறங்கியது. தொட்டி காலி. புஹாரி காலி செய்துதான் மூடினான். பிறகு ஐந்தாம் தொட்டி நீர் அதே குழாயில் வரும்போது, மூடாத என் வால்வு வழியாக நாலுக்குள் புகுந்திருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

ஜெபமாலை எடுத்தேன். பாதியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

எனக்குப் பதில் ஆள் வந்தார். ஷாஜன், கொல்லத்துக்காரர், நல்ல மனிதர். கப்பலை விட்டு இறங்குகிற செகண்ட், வருகிற செகண்டுக்கு ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். எது ஓடுகிறது, எது மக்கர் பண்ணுகிறது, எங்கே கையை வைத்தால் சுடும், எல்லாம். இருவரும் கையெழுத்துப் போட்டால் ஒரு பிரதி கேப்டனுக்கு, ஒரு பிரதி ஆபீசுக்கு.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பொய்த்தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒப்படைப்புக் குறிப்பில் போட்டதில்லை. செகண்டுகள் யாரும் போடமாட்டார்கள். கம்பெனியை ஏமாற்றலாம், இன்ஸ்பெக்டரை ஏமாற்றலாம், அடுத்து இந்த இன்ஜின் ரூமில் இறங்குகிறவனை ஏமாற்றுவதில்லை. பதினாலு பக்கம் எழுதி முடித்துவிட்டு 'பாலாஸ்ட் வால்வுகள்' என்ற தலைப்பின் கீழ் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரி என்று எழுதினால் விமானம். இந்த மனிதர் அந்த விளக்கை நம்பி இன்னொரு ஜெட்டிக்குப் போவார்.

எழுதினேன். 'நாலாம் நம்பர் வால்வு முக்கால்வாசிதான் மூடும். விளக்கை நம்பாதே. 7-ம் தேதி காட்டும் கருவியைத் திருப்பி வைத்தது நான். 9-ம் தேதி சீஃப் ஆபீசர் தொட்டியை முழுதாக வடித்துத்தான் மூடினார். பம்ப் ஆம்பியர் விழுந்த நேரம் மாலை 6.40. நான் பார்த்தேன்.'

ஷாஜன் படித்தார். திரும்பப் படித்தார். "சேட்டா, நாளைக்கு உங்க ஃப்ளைட். இதை என்கிட்ட வாயால சொன்னாப் போதும். நான் பாத்துக்கறேன். இந்தப் பக்கத்தை எடுத்துடுங்க."

"கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

போட்டார். கேப்டன் அறைக்கு நானே கொண்டுபோனேன்.

மார்ச் 17, செவ்வாய்

விமானம் போய்விட்டது. விசாரணைக்காரர்கள் திரும்ப வந்தார்கள். தொட்டிக்குள் முறைப்படி இறங்கி வால்வைத் திறந்து பார்த்தார்கள். தகட்டின் ஓரத்தில் துருப்பிடித்த போல்ட் ஒன்று சிக்கியிருந்தது. எடுத்ததும் வால்வு முழுதாக மூடியது. அவ்வளவுதான் பழுது. என் வாக்குமூலம் மூன்று மணி நேரம் பிடித்தது. என் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை இறங்க முடியாது.

ரெஜினாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

"நீங்க வரணும்னு நாந்தான நச்சரிச்சேன். அதுக்காகவா இப்பிடிச் செஞ்சிய?"

"உன்ன எதுக்கு இழுக்க? நாஞ் செஞ்சது."

"அந்தப் பிள்ள பொண்டாட்டி இந்த ஒரு வாரம் என்ன பாடு பட்டிருப்பா." பிறகு, "நாளைக்கு அண்ணன் கூட வாராவ. நான் பாத்துக்கிடுதேன். நீங்க அந்தப் பையன்கிட்ட போயி நேர்ல நின்னு சொல்லுங்க. தாளுல எழுதுனது பத்தாது."

மார்ச் 18, புதன்

புஹாரி கேபின் கதவைத் தட்டினேன். திறந்தான், என்னைப் பார்த்தான், மூடிவிட்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மச்சானிடமிருந்து செய்தி. கண் விழித்துவிட்டாளாம். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 19, வியாழன்

புஹாரியைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்கள். கோல் விடாததற்கு எச்சரிக்கை மட்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு இன்ஜின் ரூமுக்கு இறங்கி வந்தான். எனக்கு இப்போது வேலை கிடையாது. ஆனாலும் பழக்கதோஷத்தில் பம்ப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன். செய்ததைச் சொன்னேன். மன்னிச்சிரு என்றும் சொன்னேன். சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது என்று திரும்பவும் சொன்னேன்.

"கேட்டுச்சி" என்றான். "உங்களைக் கை நீட்டி அடிக்கணும்னுதான் எறங்கி வந்தேன்."

"அடி."

அடிக்கவில்லை. பம்ப் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"வேல போயிருந்தாக்கூட எங்கயாவது பொழச்சிருப்பேண்ணே. ஏழு நாளு எங் காதை நான் நம்பல. தொழுவும்போது எத்தன ரக்அத்து ஆச்சின்னு எண்ணிக்க விட்டுப்போச்சி. அவ்வளவுதான், மண்டை போயிட்டுன்னு முஸல்லாப் பாயிலயே உக்காந்து அழுதேன். நீங்க தட்டத் தூக்கிட்டு வந்தியளே, அன்னைக்கி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கணும்."

அவன் போகவில்லை. முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"அந்தச் சத்தம் கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சி. முள்ளு எறங்குனத நான் பாத்தேன். நீ தொட்டியக் காலியாக்கித்தான் மூடுன."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். அவன் திரும்பி ஏணியில் ஏறத் தொடங்கினான். அவன் கேட்காமலே மூன்றாம் தடவையும் சொன்னேன்.